சர்வரைக் கேட்காமலே 'எல்லாம் புதுசு' என்று சொல்லலாமா?

கேள்வி:
டெர்மினலில் ஓடும் சின்ன சிங்க் டூல் ஒன்று எழுதுகிறேன். ஸ்டேட்டஸ் கட்டளை கொடுத்தால் "எல்லாம் சமீபத்திய நிலையில் உள்ளது" என்று காட்டுகிறது, ஆனால் அது சர்வரிடம் கேட்பதே இல்லை, கடைசியாக எடுத்து வைத்த தகவலோடுதான் ஒப்பிடுகிறது. வரியை எப்படி மாற்றலாம்?

பதில் 1:
நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) டூலிலும் இதே கதைதான். கிட் ஸ்டேட்டஸ் "உங்கள் கிளை ஆரிஜின்/மெயினோடு ஒத்துப்போகிறது" என்கிற மாதிரி ஒரு வரி காட்டும், அந்த ஆரிஜின்/மெயின் சர்வரில் உள்ள கிளையைப் பற்றி உங்கள் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும் குறிப்பு, கடைசியாக சர்வரிலிருந்து எடுத்தபோதோ (ஃபெட்ச்) சர்வருக்கு அனுப்பியபோதோ (புஷ்) இருந்த நிலை. நெட்டைப் பிடுங்கிவிட்டு ஓட்டினாலும் அதே வரிதான் வரும். புதிதாக வருகிறவர்கள் ஏமாறும் இடம். நீங்கள் நேரத்தைச் சேர்த்துவிடுங்கள்: "மாற்றம் இல்லை. சர்வரைக் கடைசியாகப் பார்த்தது 2 மணி நேரம் முன்."

பதில் 2:
சரி, ஆனால் அந்த வரியை கிரெப் (சொல் தேடும் கட்டளை) செய்து ஸ்கிரிப்ட் எழுதுகிற ஆட்கள் இருப்பார்கள், இப்போதே யோசியுங்கள். 2017இல் கிட் 2.15 வந்தபோது அதன் ஸ்டேட்டஸ் வரியில் ஆங்கிலத்தில் வரும் 'அப்-டு-டேட்' (up-to-date) என்பதில் இருந்த இரண்டு கோடுகளை எடுத்தார்கள், அவ்வளவுதான், அதை அப்படியே தேடிய ஸ்கிரிப்டுகள் படுத்துவிட்டன. ஸ்கிரிப்டுக்கென்று கிட்டில் --போர்சிலின் (--porcelain) என்ற ஆப்ஷன் இருக்கிறதே, அதுபோல மாறாத வெளியீடு ஒன்றைத் தனியாகக் கொடுங்கள், மனிதர் படிக்கும் வரியை அப்புறம் இஷ்டம்போல் திருத்தலாம்.

கேள்வி கேட்டவர்:
நேரம் போடுகிறேன். ஒருமுறைகூட சர்வரைத் தொடாதவருக்கு?

பதில் 1:
"இன்னும் சர்வரோடு ஒப்பிடவில்லை." கூடவே எந்தக் கட்டளை ஓட்டணும் என்பதையும் அடுத்த வரியில் போடுங்கள்.