முதல் எபிசோட்டிலேயே அப்பா எழும்பிப் போனார்

கல்லடிக்காரன்:
நமக்குப் பிடித்த விண்வெளித் தொடரை வீட்டாருக்கும் கூட்டாளிமாருக்கும் காட்டப்போய் என்ன நடந்தது என்று ஆளுக்கொரு கதை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

2022 மார்ச் கடைசி, இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டிய நாட்கள். கேஸ் வரிசை, பெற்றோல் வரிசை, பால்மா வரிசை. கரண்ட் இருக்கிற நேரத்தில் லப்டொப்பைச் சார்ஜ் போட்டு வைத்துவிட்டு, இரவானதும் விறாந்தையில் பாயை விரித்து அம்மா, அப்பா, மச்சான் மூன்று பேரையும் பிடித்து இருத்தினேன். போட்டது 'த எக்ஸ்பான்ஸ்'. அந்த ஜனவரியில்தான் அது முடிந்திருந்தது, ஆறு சீசன், 62 எபிசோட், நான் இரண்டு தடவை பார்த்து முடித்தாயிற்று. சனிக்கிரக வளையத்திலிருந்து பனிக்கட்டி ஏற்றிவந்தால்தான் சீரிஸில் இருக்கிற சனத்துக்குக் குடிக்கத் தண்ணீர், அந்தக் கப்பல் வராவிட்டால் அளந்து அளந்துதான் கிடைக்கும். வரிசையில் நின்று களைத்த எங்கள் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கதை உண்டா என்று நினைத்தேன்.

முதல் பிழை, தொடங்குமுன் நான் வைத்த பிரசங்கம். பூமி ஒரு கட்சி, செவ்வாய் ஒரு கட்சி, நடுவில் மிதிபடுகிற, சிறுகோள் பட்டியில் வாழ்கிற பெல்ட் சனம், கப்பல்களை ஓட்டுகிற எப்ஸ்டீன் எஞ்சின் எப்படி வேலை செய்யும், எல்லாம் சொல்லி முடிக்க அம்மா நித்திரை.

இரண்டாவது பிழையை நான் யோசித்தே பார்க்கவில்லை. முதல் எபிசோட்டில் ஐக்கிய நாடுகள் சபையின் பெரிய அதிகாரியான அவசரலா ஒரு பெல்ட்காரனை விசாரிக்கிற இடம் வரும். ஈர்ப்பு குறைந்த இடத்தில் பிறந்து வளர்ந்த உடம்பு, பூமியின் பாரத்தைத் தாங்காது. ஆளைக் கொளுவித் தொங்கவிட்டாலே போதும், மிச்சத்தைப் பூமி செய்யும். ஆயுதமே இல்லாமல் ஈர்ப்புவிசையை ஆயுதமாக்கிய யோசனைக்காக நான் ரசித்து ரசித்துப் பார்த்த காட்சி அது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எழும்பினார், சாரத்தை இறுக்கிக் கட்டினார், "நான் படுக்கப் போறன்" என்றார். 1990இல், யுத்த காலத்தில், அப்பாவைப் பிடித்துக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. எனக்கு அந்த நேரத்தில்தான் மண்டையில் அடித்த மாதிரி இருந்தது.

ஆனால் கண்ணை முழித்த அம்மா அவசரலாவைப் பார்த்துவிட்டா. "ஆரு மனே இந்த மனிசி, என்ன வடிவாச் சாறி உடுத்திருக்கா!" அதன் பிறகு அம்மாவுக்குக் கதை முக்கியமில்லை, இன்றைக்கு என்ன சாறி என்பதுதான் முக்கியம். நடித்தவர் ஷோரே அக்தஷ்லூ, ஈரானில் பிறந்தவர் என்று சொன்னேன், நம்பவேயில்லை. வாயைத் திறந்தால் தூசணம் என்பதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. "கோவமா இரிக்கா" என்று சொல்லிச் சமாளித்தேன்.

மச்சான் பிடித்துக்கொண்டது பெல்ட்காரரின் மொழியை. நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் தொடருக்கென்றே உருவாக்கிய கலப்புப் பாஷை அது. விண்வெளி உடுப்புக்குள் முகம் தெரியாது என்பதால் கையாலும் கதைப்பார்கள். மச்சான் இப்போதும் கடையில் மிச்சக் காசு வாங்கும்போது "சாசா கே?" என்கிறான், விளங்குதா என்று அர்த்தம். கடைக்காரருக்கு விளங்கவில்லை.

கல்முனை ராத்தா:
நான் 'டொக்டர் ஹூ' ஆள், காலத்துக்குள்ளே பயணம் போகிற டொக்டர் என்பவரின் கதை. 1963இல் தொடங்கின நாடகம், எங்கிருந்து காட்டுவது? ஆகவே எல்லாரும் சொல்லுகிற மாதிரி 2007இல் வந்த 'பிளிங்க்' எபிசோட்டைத் தங்கச்சிக்குப் போட்டேன். கல் சிலைகள், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அசையாது, கண்ணைச் சிமிட்டினால் கிட்ட வந்துவிடும், தொட்டால் உங்களைப் பழைய காலத்துக்குத் தூக்கி எறிந்துவிடும். பயந்து என் கையைப் பிடித்தவள் முடியும்வரை விடவில்லை. அடுத்த நாள் பெருநாள் உடுப்பு எடுக்கப் போனோம். கடை வாசலில் சல்வார் போட்ட நாலு பொம்மைகள். இவள் கண்ணைச் சிமிட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்து ஒரு உம்மாவின் மேல் மோதி, அந்த உம்மா ஏசின ஏச்சு இருக்கே!

சரி, பிடித்துப் போயிற்று என்று அடுத்த எபிசோட்டைப் போட்டேன். பத்து நிமிஷத்தில் கேட்டாள், "ராத்தா, சிலை எங்க? ஆரு இந்த டை கட்டின ஆள்?" அங்கேதான் சிக்கல். 'பிளிங்க்'கில் டொக்டர் வருவதே கொஞ்ச நேரம், அதிலும் பாதி டிவிடிக்குள் இருந்து கதைப்பார். அவளைப் பொறுத்தவரை அது சிலை நாடகம், டொக்டர் வழியில் வந்த யாரோ. இனி யாராவது அதில் தொடங்கச் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

அக்கரைப்பற்று பென்டிரைவ்:
நான் கூட்டாளிக்கு முழு சீசனையும் பென்னில் ஏற்றிக் கொடுத்தேன். இடம் காணாது என்று அழித்துவிட்டு அவனுடைய கலியாண வீடியோவை ஏற்றித் திருப்பித் தந்தான். அதையும் இருந்து பார்த்தேன். என் கதை அவ்வளவுதான்.

திருக்கோவில் டீச்சர்:
எங்கள் மாமா, அதாவது இவருடைய அப்பா, ஒரு காலத்தில் வடமோடிக் கூத்து பழக்கிய அண்ணாவியார். இங்கிலீஷ் தெரியாது. பக்கத்தில் இருந்து நான் சொல்லச் சொல்லத்தான் பார்ப்பார், ஆகவே வேகமாகக் கதைக்கிற தொடர் எதுவும் சரிவராது. 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' ஐந்தாம் சீசனில் 'டார்மொக்' என்று 1991இல் வந்த எபிசோட்டைப் போட்டேன். அதில் வருகிற வேற்றுக்கிரகத்தார் தங்கள் பழங்கதைகளில் வருகிற ஆட்களையும் இடங்களையும் சொல்லித்தான் கதைப்பார்கள். கப்பலில் இருக்கிற மொழிபெயர்க்கும் இயந்திரம் சொல்லைச் சரியாகத்தான் தருகிறது, ஆனால் கதை தெரியாதவனுக்குச் சொல் இருந்து என்ன பயன்? இங்கிலீஷ் தெரிந்த எனக்கும் விளங்கவில்லை, மாமாவுக்கும் விளங்கவில்லை, கப்டன் பிக்கார்டுக்கும் விளங்கவில்லை. முதல் முறையாக வீட்டில் எல்லாரும் ஒரே வகுப்பில்.

"ஷாக்கா, மதில்கள் விழுந்தபோது" என்று சொல்லி அந்த வேற்றுக்கிரகத்தாரின் தலைவன் முகத்தைத் தொங்கப்போட, மாமா உடனே, "தோத்துப்போனம் எண்டு சொல்றான் மகள்" என்றார். எனக்கு அது இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் பிடிபட்டது! எப்படி மாமா என்று கேட்டால், "அபிமன்யு சக்கர வியூகத்துக்க போன மாதிரி எண்டு நாங்க சொன்னா வெள்ளைக்காரனுக்கு விளங்குமா? அதுதான் இது." கடைசியில் காயப்பட்டுச் சாகக் கிடக்கிற அந்தத் தலைவனுக்கு நெருப்புக்குப் பக்கத்தில் இருந்து பிக்கார்ட் பழைய மெசொப்பொத்தேமியக் காவியமான கில்கமேஷ் கதை சொல்லுவார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாகிற நேரத்திலயும் கதை கேக்கிறான். நல்ல ரசிகன்."

இப்போது சோறு அடிப்பிடித்தால் குசினிப் பக்கம் பார்த்து "ஷாக்கா" என்கிறார். மற்ற எபிசோட்டுகளைப் பார்க்கவே மாட்டார், "அதில சும்மா கதைக்கிறானுகள்" என்று ஒரு கை வீச்சு.

கல்லடிக்காரன் தம்பி, அப்பா பிறகு வந்து பார்த்தாரா?

கல்லடிக்காரன்:
இல்லை டீச்சர். நாங்கள் விறாந்தையில் பார்ப்போம், அவர் உள்ளே படுத்திருப்பார், யன்னல் திறந்திருக்கும். இரண்டாம் சீசனில் கனிமீட் நிலாவில் சண்டை வந்து எல்லாம் உடைந்து, பிராக்ஸ் என்ற தாவரவியல்காரர் தன் சின்ன மகளைக் காணாமல் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆளாகக் கேட்டுத் திரிவார். அம்மா அப்போது சாறியைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. நானும் இந்தத் தடவை விளக்கம் கொடுக்கவில்லை, என்ன நடக்கிறது என்று அம்மாவே மச்சானுக்குச் சொல்லிக்கொண்டு இருந்தா. பிறகு கரண்ட் வந்து மின்விசிறி சுற்றத் தொடங்கிற்று, எல்லாரும் படுக்கப் போய்விட்டோம்.

காலையில் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறேன், அப்பா வாளியை இறக்கிக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டார், "அந்த மனிசன்ட புள்ள கிடைச்சிதா?"

கிடைப்பா அப்பா, மூன்றாம் சீசனில் என்றேன்.

"உயிரோடயா?"

ஓம் என்றேன். வாளியை இழுத்து என் பக்கம் வைத்துவிட்டு, தேத்தண்ணி ஆறிப்போகுது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.