பருவத் தேர்வு மதிப்பெண்ணைத் தாண்டி, மாணவர் கற்றதை அளப்பது எப்படி?

கேள்வி (இயற்பியல் ஆசிரியை, பொறியியல் கல்லூரி):
வணக்கம். என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) ஆய்வுக்காகப் பருவந்தோறும் சிஓ-பிஓ அட்டவணையை, அதாவது பாடத்தின் கற்றல் இலக்குகளைப் பட்டப்படிப்பின் இலக்குகளோடு பொருத்தும் அட்டவணையை, நிரப்புகிறோம். சென்ற பருவத்தில் என் பாடத்தின் அடைவு மூன்றுக்கு 2.6 என்று எக்செல் காட்டியது. அதே வாரம், மேலே சுண்டிய நாணயம் உச்சியில் இருக்கும்போது அதன்மீது செயல்படும் விசைகளை வரையச் சொன்னேன். அங்கே கீழ்நோக்கிய ஈர்ப்பு விசை மட்டுமே இருக்க, நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளே மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள். என் வகுப்பில் அவர்கள் உண்மையில் கற்றது எவ்வளவு என்பதை நானே அளக்க வழியுண்டா?

மறுமொழி 1:
உண்டு, மேடம். அந்த 2.6, எத்தனை பேர் இலக்கைத் தொட்டார்கள் என்று சொல்லுமே தவிர, உங்களிடம் வரும்போது அவர்கள் எங்கே நின்றார்கள் என்று சொல்லாது. இயற்பியலாளர் ஹெஸ்டினஸ் குழுவினர் 1992-இல் அமெரிக்காவில் வெளியிட்ட, விசை பற்றிய புரிதலைச் சோதிக்கும் 'ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி' வினாத்தாளில் கணக்கே கிடையாது. உங்கள் மாணவர்கள் போட்ட அம்புக்குறி போன்ற வழக்கமான பிழைகளே அதில் விடைத் தெரிவுகளாக இருக்கும். பாடம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் அதே தாளைக் கொடுத்து, கூடிய மதிப்பெண்ணை, கூடுவதற்கு இடமிருந்த மதிப்பெண்ணால் வகுக்க வேண்டும். சராசரி நூற்றுக்கு 40-இலிருந்து 70 ஆனால், 30-ஐ 60-ஆல் வகுக்க 0.5. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவை வைத்து அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலும் விரிவுரையாகவே நடந்த வகுப்புகளின் சராசரி 0.23, மாணவர்கள் தமக்குள் விவாதித்துக் கற்ற வகுப்புகளில் 0.48.

மறுமொழி 2:
இரண்டு முறையும் எழுதியவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள். இடையில் நின்றவர்கள் சராசரியைக் குழப்பிவிடுவார்கள். முதல் முறை எழுதியதும் தாளைத் திரும்ப வாங்கிவிடுங்கள், விடையையும் சொல்லாதீர்கள். இன்டர்னல் மதிப்பெண்ணோடு இதைச் சேர்த்தால் அடுத்த ஆண்டே விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றும். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலத் தாளை மட்டும் கொடுத்தால், நீங்கள் அளப்பது இயற்பியலையா ஆங்கிலத்தையா என்பதும் தெரியாமல் போகும்.

மறுமொழி 3:
ஆய்வகத்தில் தன் அளவீட்டைத் தானே சந்தேகிக்கப் பழகும் மாணவனின் வளர்ச்சி இந்த எண்ணில் அகப்படாது. அதற்கு அவனுடைய முதல் ரெக்கார்டையும் கடைசி ரெக்கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வரும் பருவத்தின் முதல் வாரத்திலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் தாளைத் தயாரித்துக் கொடுக்கிறேன். இதை அட்டவணையின் எந்தக் கட்டத்தில் ஏற்றுவது என்று துறைத்தலைவர் கேட்பார். அதற்குத்தான் இன்னும் விடை தேட வேண்டும்.