ஜா கப்ளிங் ஸ்பைடர் மூன்று வாரத்துக்கு ஒன்று போகிறது, என்ன செய்யலாம்?

ஸ்க்ரூ கன்வேயர் (திருகு சுழன்று பொருளை நகர்த்தும் இயந்திரம்) ஒன்றில் மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உள்ள ஜா கப்ளிங்கின் (இரு ஷாஃப்ட்டுகளைத் தாடை போன்ற பற்களால் இணைப்பது) ஸ்பைடர், அதாவது அந்தப் பற்களுக்கு நடுவில் இருக்கும் நட்சத்திர வடிவ ரப்பர் துண்டு, நசுங்கிக் கிழிகிறது. நான்கு மாதத்தில் ஐந்து மாற்றியாயிற்று.

மோட்டார் 7.5 கிலோவாட், 1440 ஆர்.பி.எம்., நேரடி ஸ்டார்ட்டர் (புறப்படும்போதே முழு மின்னழுத்தம் கொடுப்பது). கியர்பாக்ஸ் ஹெலிக்கல், விகிதம் 30:1. கணக்குப்படி மோட்டார் ஷாஃப்ட்டில் முறுக்கு விசை சுமார் 50 நியூட்டன் மீட்டர். சர்வீஸ் ஃபேக்டர் (கடுமையான சுமைக்காகப் பெருக்கிக்கொள்ளும் எண்) 2 வைத்தாலும் 100தான். கப்ளிங்கோ 120க்கு உரியது. அதனால் தாங்கும் என்றே நினைத்தேன்.

உடைவதற்கு இரண்டு நாள் முன்பே கீழே கறுப்புத் தூள் கொட்டும், புறப்படும்போது 'டக்' என்று சத்தம் வரும். ஸ்பைடரின் ஆறு இதழ்களில் ஒன்றுவிட்டு ஒன்றுதான் நசுங்குகிறது, அதாவது சுமை தாங்குபவை மட்டும்.

முதலில் அலைன்மென்ட் (இரு ஷாஃப்ட்டுகளும் ஒரே நேர்கோட்டில் இருப்பது) சரியில்லையோ என்று சந்தேகப்பட்டு டயல் கேஜ் வைத்து 0.05 மி.மீ.க்குள் கொண்டுவந்தேன். பலன் இல்லை. அப்புறம் 92 ஷோர் (கடினத்தன்மை அளவு) ரப்பரை எடுத்துவிட்டு, இன்னும் கடினமான 98 ஷோர் போட்டேன். ஆறு வாரம் ஓடியது. ஆனால் கியர்பாக்ஸ் இன்புட் பேரிங்கில் இரைச்சல் கிளம்பியதால் பழையதற்கே திரும்பிவிட்டேன். சாவி (ஷாஃப்ட்டையும் கப்ளிங் ஹப்பையும் பூட்டும் கட்டை), ஹப் போர் (ஷாஃப்ட் நுழையும் துளை) இரண்டிலும் ஆட்டம் இல்லை.

ஒன்றைச் சொல்ல மறந்தேன்: லெவல் சென்சார் காரணமாக கன்வேயர் மணிக்கு 30 தடவைக்கு மேல், பொருள் நிறைந்த நிலையிலேயே நின்று புறப்படுகிறது. எனக்கு இதன்மேல்தான் சந்தேகம்.

இப்படி அடிக்கடி புறப்படும் டிரைவுக்கு அடுத்த பெரிய சைஸ் ஜா கப்ளிங் போதுமா, டயர் வடிவ ரப்பர் வளையத்தால் இணைக்கும் டயர் கப்ளிங்குக்கு மாற வேண்டுமா?