ஸ்ரீரங்கப்பட்டணம் போனவங்க எழுதுங்க

மைசூர் போற நம்ம ஆளுங்க ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒதுக்குறது மிஞ்சிப்போனா ரெண்டு மணி நேரம். ரங்கநாதர் சேவை, தரியா தௌலத் மாளிகை, திப்பு சமாதியான கும்பஸ், கிளம்பு. எனக்கு அந்த ஊர் புரிஞ்சது ஆத்தைப் பார்த்துத்தான்.

காவிரி ரெண்டாப் பிரிஞ்சு ஊரைச் சுத்தி, கிழக்கு முனையில சங்கமத்துல மறுபடி சேருது. நடுவுல இருக்கற தீவுதான் ஊர். கோட்டையோட மேற்குப் பக்கம் சுவரை உடைச்ச இடத்துல ஒரு நினைவுத்தூண் நிக்குது. நான் போனது நல்ல கோடை. ஆத்துல பாறையெல்லாம் வெளிய தெரிஞ்சது. ஒருத்தர் ரெண்டு மாட்டை ஓட்டிக்கிட்டு நடந்தே இக்கரைக்கு வந்துட்டார், முழங்காலுக்கு மேல நனையல. பேச்சுக் கொடுத்தேன், நல்லாவே தமிழ் பேசினார். "இப்போ இப்படித்தான் சார். குடகுல மழை பிடிச்சுக்கிட்டா இந்தப் பாறை ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது"ன்னார்.

1799-ல திப்புவோட கோட்டை விழுந்ததைப் புரிஞ்சுக்க எனக்கு அது போதுமா இருந்தது. மே 4, உச்சி வெயில் நேரம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அந்த வத்தின ஆத்துலதான் இறங்கி ஓடி வந்து உடைப்புல ஏறிச்சு. பொழுது சாயறதுக்குள்ள கோட்டை போச்சு, திப்புவும் போயிட்டார். படையை நடத்தின பேர்டு, அதுக்கு முன்னாடி இதே ஊர்ல கிட்டத்தட்ட நாலு வருஷம் கைதியா கிடந்தவர்! இன்னும் சில வாரம் தாக்குப்பிடிச்சிருந்தா ஆறே ஊரைக் காப்பாத்தியிருக்கும்னு எனக்குத் தோணுது. 1791-ல அதுதானே நடந்தது? கம்பெனி கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் வாசல் வரைக்கும் வந்துட்டு, மழையும் தீனிப் பஞ்சமும் சேர்ந்து நெருக்க, பெரிய பீரங்கிகளைத் தானே உடைச்சுப் போட்டுட்டுத் திரும்பினார். (இப்போ மேல கேஆர்எஸ் அணை இருக்கு. தண்ணி வர்றதும் நிக்கறதும் மதகு திறக்கறவங்க கையில.)

———

நான் கிருஷ்ணகிரிக்காரன். நீங்க 1791-ஓட விட்டுட்டீங்க அண்ணா. அடுத்த வருஷமே கார்ன்வாலிஸ் திரும்பி வந்தார். அப்போ அந்த ஊர்ல போட்ட உடன்படிக்கையிலதான் எங்க பாராமகால் சீமை கம்பெனிக்குப் போச்சு. திப்பு கொடுத்தது பாதி ராஜ்யம், 3 கோடியே 30 லட்சம் ரூபாய், பணயமா தன்னோட ரெண்டு பிள்ளைங்க. திண்டுக்கல்லும் அதுல போனதுதான்.

கோட்டைக்குள்ள ஒரு கைடு என்ன ஊர்னு கேட்டார். சொன்னேன். "அட, நீங்க எங்க ஆளுங்கதான் சார், பாகம் பிரிச்சப்போ அந்தப் பக்கம் போயிட்டீங்க"ன்னு சிரிச்சார். காசு பேசுறப்போ மட்டும் அந்தச் சொந்தம் ஞாபகம் வரல.

———

தரியா தௌலத்தை அவசரமா பார்த்துட்டு வராதீங்க, ப்ளீஸ். 1784-ல கட்டின தேக்கு மாளிகை. மேற்குச் சுவர்ல 1780 பொள்ளிலூர் யுத்தத்தை முழுசா வரைஞ்சு வச்சிருக்காங்க. பொள்ளிலூர் எங்க காஞ்சிபுரத்துக்குப் பக்கம். நம்ம மண்ணுல நடந்த சண்டையைப் பார்க்க நான் கர்நாடகா போகவேண்டியிருந்தது!

படத்துக்கு நடுவுல கம்பெனிப் படையை நடத்தின கர்னல் பெய்லி பல்லக்குல உட்கார்ந்திருக்கார். அவரைச் சுத்திச் சிவப்புச் சட்டைச் சிப்பாய்ங்க சதுரமா நிக்கறாங்க, வெடிமருந்து வண்டி ஒண்ணு வெடிச்சுச் சிதறுது. பக்கத்துல நின்ன பள்ளிக்கூடப் பையன் பல்லக்கைக் காட்டி, "இவர்தான் ராஜாவா மிஸ்?"னு கேட்டான். தோத்தவர்னு சொன்னதும் அவனுக்கு நம்பிக்கையே வரல. தோத்தவனுக்கு எதுக்குப் பல்லக்குன்னு அவன் கேட்டது நியாயமாத்தான் பட்டுது. (அடிபட்டிருந்தார், அதனாலதான்.)

முதல்ல எழுதினவருக்கு ஒரு கேள்வி: கோடையில சங்கமத்துல பரிசல் விடுறாங்களா? நாங்க போனது ஆகஸ்ட், வெள்ளம்னு நிறுத்தி வச்சிருந்தாங்க.