எஃப்-டிராய்டில் இருக்கும் செயலிக்கு கூகுளின் டெவலப்பர் சரிபார்ப்பில் பதிவு செய்யலாமா?

அல்சூர்_ஆண்ட்ராய்டு:

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரில் அல்சூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். அலுவலகத்தில் ஜாவா பேக்எண்ட் வேலை; ஆண்ட்ராய்டு நானாகக் கற்றுக்கொண்டது. இங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகள் வீட்டில் தமிழ் நன்றாகப் பேசுகிறார்கள், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள், தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. அவர்களுக்காக ஒரு செயலி எழுதினேன். எழுத்தைத் தொட்டால் ஒலிக்கும், விரலால் எழுதிப் பழகலாம், ல, ழ, ள மூன்றுக்கும் தனிப் பயிற்சி உண்டு. இணையம் தேவையில்லை, விளம்பரம் இல்லை, எந்தத் தரவும் போனை விட்டு வெளியே போகாது. ஜிபிஎல் 3 என்ற திறந்த மூல உரிமம்.

கட்டற்ற செயலிகளை மட்டும் தரும் எஃப்-டிராய்டு என்ற களஞ்சியத்தில் இருக்கிறது. ஆனால் பெற்றோரில் பெரும்பாலானவர்கள் ஆட்டோ ஓட்டுபவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், சிவாஜிநகரில் கடை வைத்திருப்பவர்கள். அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் நான் போடும் ஏபிகே (செயலியின் நிறுவல்) கோப்பைத் தொட்டு நிறுவிக்கொள்கிறார்கள். ஆக, ஒரே செயலி இரண்டு டிஜிட்டல் கையொப்பங்களோடு உலவுகிறது: வாட்ஸ்அப்பில் போவது என் சாவியில், எஃப்-டிராய்டில் இருப்பது அவர்கள் சாவியில்.

2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்ததைப் படித்ததிலிருந்து யோசனையாகவே இருக்கிறது. கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில், அடையாளம் சரிபார்க்கப்பட்ட டெவலப்பர் பதிவு செய்த செயலிகள்தான் நிறுவப்படும் என்கிறார்கள். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் மற்ற நாடுகள் என்பது அட்டவணை. அப்படியென்றால் நம் ஊருக்கும் வரும்.

நான் பதிவு செய்யலாமா? செய்தால் எந்தச் சாவியோடு? எஃப்-டிராய்டு பதிப்பு என்ன ஆகும்? இதோடு பிளே ஸ்டோரிலும் போட்டுவிடலாமா என்று பார்த்தால் 16 கேபி பேஜ் அளவு என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. விரலெழுத்தை அடையாளம் காணும் பகுதி சி++ நூலகம் என்பதால் அதுவும் கவலை. வீட்டு முகவரியைக் கொடுப்பதிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

கட்டுமானி:

தம்பி, பதிவு செய்யுங்கள். ஆனால் அதற்கு முன்னால் சாவி விஷயத்தை ஒழுங்குபடுத்துங்கள். வரிசை மாறினால் பிறகு அவிழ்ப்பது கடினம்.

நான் இங்கே ஒயிட்ஃபீல்டில் ஆண்ட்ராய்டு சிஸ்டம் பில்டு (நிரலிலிருந்து ஓடும் கோப்பை உருவாக்கும்) வேலை பார்க்கிறேன். மாலையில் எஃப்-டிராய்டுக்கு வரும் செயலிகளின் பில்டு விவரக் கோப்புகளைச் சரிபார்த்து உதவுவேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஆண்ட்ராய்டுக்கு ஒரு செயலி யாருடையது என்று தெரிவது இரண்டே விஷயங்களால்தான். ஒன்று பேக்கேஜ் பெயர் (செயலிக்கான தனி அடையாளப் பெயர்), மற்றொன்று கையொப்பச் சாவி. பெயர் ஒன்றாக இருந்து சாவி வேறானால் அப்டேட் ஏறாது, நீக்கிவிட்டுத்தான் மறுபடி நிறுவ முடியும். கூகுளின் புதிய பதிவும் இந்த இரண்டையும்தான் உங்கள் அடையாளத்தோடு இணைக்கிறது. எஃப்-டிராய்டு கலங்கியதும் இதனால்தான். அவர்கள் சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) தாங்களே பில்டு செய்து தங்கள் சாவியில் கையொப்பமிடுகிறார்கள். அந்தப் பேக்கேஜ் பெயர்களைத் தங்கள் பெயரில் பதிவு செய்துகொள்வது மற்றவர்கள் எழுதிய செயலிகளைக் கைப்பற்றுவதாகிவிடும். எழுதியவர்களைப் பதிவு செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. 2010 முதல் நடக்கும் ஒரு திட்டத்தின் அடிப்படையையே இது தொடுகிறது.

உங்கள் செயலிக்கு வழி இருக்கிறது. மறுஉருவாக்க பில்டு. எஃப்-டிராய்டு உங்கள் சோர்ஸிலிருந்து பில்டு செய்யும். நீங்கள் வெளியிட்ட ஏபிகேயோடு ஒப்பிடும். கையொப்பம் தவிர எல்லாம் பைட்டுக்குப் பைட் ஒத்துப்போனால் உங்கள் கையொப்பம் உள்ள கோப்பையே வெளியிடும். அதன்பிறகு வாட்ஸ்அப், எஃப்-டிராய்டு இரண்டிலும் ஒரே சாவி. அந்தச் சாவியைப் பதிவு செய்தால் இரண்டு பக்கமும் நிற்கும். நீங்கள் வெளியிடும் கோப்பு நீங்கள் காட்டும் சோர்ஸிலிருந்துதான் வந்தது என்பதற்கு இன்னொருவர் சாட்சியும் கிடைக்கிறது. பிள்ளைகள் கையில் போகும் செயலிக்கு இதைவிட நல்ல உறுதி எனக்குத் தெரியாது. அடையாள அட்டையைப் பார்த்தால் ஆள் யார் என்று தெரியும். கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது.

வழக்கமாக எங்கே உதைக்கும் என்றால்: பில்டு செய்யும் கருவியான ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின், நூலகப் பட்டியலைக் கூகுள் மட்டும் படிக்கும்படி பூட்டி ஏபிகேயில் செருகுகிறது. கிரேடிலில் டிபென்டன்சீஸ்இன்ஃபோ பகுதியில் இன்க்ளூட்இன்ஏபிகே என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள், இல்லையென்றால் எஃப்-டிராய்டு அதைத் திருப்பி அனுப்பும். அந்தப் பிளகினின் 8.3 பதிப்பிலிருந்து கிட் (நிரல் மாற்றங்களைப் பதியும் கருவி) விவரமும் உள்ளே போகிறது, அதையும் அணைத்துவிடலாம். பிஎன்ஜி படங்களைச் சுருக்கும் வேலையையும் நிறுத்துங்கள். ஜேடிகே (ஜாவா கருவித் தொகுப்பு), என்டிகே (சி++ கருவித் தொகுப்பு) பதிப்புகள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

இப்போது எஃப்-டிராய்டிலிருந்து நிறுவியிருப்பவர்கள் உங்கள் கையொப்பத்துக்கு மாற, நீக்கிவிட்டு மறுபடி நிறுவத்தான் வேண்டும். பிள்ளை எந்த எழுத்துவரை முடித்தது என்ற விவரம் அதில் போய்விடும். அதனால் முதலில் முன்னேற்றத்தை ஒரு கோப்பில் சேமித்துத் திரும்ப ஏற்றும் வசதியைச் சேருங்கள், அந்தப் பதிப்பு எல்லாரிடமும் போய்ச் சேரட்டும், அப்புறம் மாற்றுங்கள். இதில் அவசரம் வேண்டாம்.

சாவி இருக்கும் கீஸ்டோர் கோப்பையும் கடவுச்சொல்லையும் லேப்டாப்பில் மட்டும் வைக்காதீர்கள். வங்கி லாக்கரோ ஊரில் அப்பா அம்மா வீடோ, இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும். பிளேயில் போடுவதாக இருந்தால் இன்னொன்று: 2021 ஆகஸ்டிலிருந்து புதிய செயலிகளுக்கு பிளே ஆப் சைனிங் கட்டாயம், அதாவது சாவி கூகுளிடம் இருக்கும். புதுச் சாவி ஒன்றை அவர்களே உருவாக்கட்டும் என்று விட்டுவிடாமல் உங்கள் பழைய சாவியையே ஏற்றுங்கள். விட்டால் மூன்றாவது கையொப்பம் முளைக்கும். உங்கள் சாவியின் பிரதி அவர்களிடம் போக வேண்டாம் என்று நினைத்தால் பிளே வேண்டாம் என்று விடுவதும் நியாயமான முடிவுதான். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதிக்கவும் வேண்டும். உங்கள் குழுவில் அத்தனை பெற்றோர் கிடைப்பார்கள்.

16 கேபி விஷயம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. இதுவரை ஆண்ட்ராய்டு நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகப் பிரித்தது, புதிய சாதனங்களில் 16 கேபியாகலாம். ஜாவா, காட்லின் நிரலுக்கு இதனால் ஒன்றும் இல்லை. சி++ நூலகத்தின் பகுதிகள் 16384 பைட் எல்லையில் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். என்டிகே ஆர்28-இல் பில்டு செய்தால் அதுவே பார்த்துக்கொள்ளும், கிரேடில் பிளகின் 8.5.1 அல்லது அதற்கு மேல் வையுங்கள். நிரலில் எங்காவது 4096 என்று நேரடியாக எழுதியிருக்கிறீர்களா என்று மட்டும் தேடிப் பாருங்கள்.

முகவரி பற்றி: செயலியில் பணம் வாங்காத தனிநபர் கணக்கு என்றால் பிளே பக்கத்தில் உங்கள் பெயரும் நாடும் மின்னஞ்சலும் தெரியும், முழு முகவரி தெரியாது. கூகுளிடம் கொடுக்கத்தான் வேண்டும்.

பொம்மனஹள்ளி_நிரலர்:

அக்கா சொன்ன பில்டு விவரம் அத்தனையும் சரி. ஆனால் பதிவு செய்யச் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒவ்வொருவரும் "என் செயலிக்கு மட்டும்" என்று பதிவு செய்துகொண்டே போனால், நாளைக்கு எதிர்த்துப் பேச யார் இருப்பார்கள்? நாம் காசு கொடுத்து வாங்கிய போனில் நாம் எழுதிய நிரலை ஏற்ற ஒரு நிறுவனத்திடம் பெயர் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை.

வழிகளும் இருக்கின்றன. ஏடிபி என்ற கட்டளைக் கருவி மூலம் கணினியிலிருந்து நிறுவுவதற்குச் சரிபார்ப்பு தேவையில்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. 2025 நவம்பரில், ஆபத்து தெரிந்து நிறுவிக்கொள்ள விரும்பும் பயனர்களுக்குத் தனி வழி தருவோம் என்றும், மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுபவர்களுக்கும் குறைந்த சாதனங்களுக்கான கணக்கு தருவோம் என்றும் இறங்கி வந்தார்கள். எதிர்ப்பு வந்ததால்தான் இறங்கினார்கள். வகுப்புக்கு லேப்டாப்பைக் கொண்டுபோய் நீங்களே நிறுவிக்கொடுங்கள். முடிந்தவர்களுக்கு லினியேஜ்ஓஎஸ் என்ற மாற்று ஆண்ட்ராய்டைப் போட்டுக்கொடுங்கள். கூகுள் சான்று இல்லாத அந்தச் சிஸ்டத்தை இந்த விதி தொடாது.

சட்டமும்_நிரலும்:

இந்தியாவில் இதற்கு ஒரு பின்னணி இருக்கிறது, பலருக்கு நினைவில்லை. 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு வழக்கில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூடவே கொடுத்த உத்தரவுகளில் ஒன்று, செயலிகளை ஸ்டோருக்கு வெளியே வினியோகிப்பதைக் கூகுள் எந்த விதத்திலும் கட்டுப்படுத்தக் கூடாது என்பது. 2023 மார்ச்சில் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் நான்கு உத்தரவுகளை ரத்து செய்தது, இதுவும் அந்த நான்கில் ஒன்று. அன்றைக்கு அது நின்றிருந்தால் இன்றைக்கு இந்தக் கேள்வியை வேறு தெம்போடு கேட்டிருப்போம்.

ஜிபிஎல் 3 இதைத் தடுக்குமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். மாற்றிய நிரலை நிறுவத் தேவையான விவரங்களைத் தர வேண்டும் என்ற பிரிவு, சாதனத்தோடு சேர்த்து அந்த நிரலை விற்பவருக்குத்தான். போனில் முன்பே ஏற்றி விற்காத செயலிக்கு அது பொருந்தாது.

கட்டுமானி:

பொம்மனஹள்ளித் தம்பிக்கு: எதிர்ப்பில் நான் உங்களோடுதான் இருக்கிறேன். ஆனால் ஒரு ஆட்டோ ஓட்டுநர் குடும்பத்தில் இருக்கும் ஒரே போனில் லினியேஜ்ஓஎஸ் போடச் சொல்ல மாட்டேன். அந்த போனில்தான் அவர் சவாரி செயலி ஓடுகிறது, பணம் வாங்கும் யுபிஐ ஓடுகிறது. ஏதாவது ஒன்று நின்றால் அன்றைய வருமானம் போய்விடும். ஏபிகேயைத் தொட்டதும் பெரிய எச்சரிக்கைத் திரை வந்தால் பிள்ளையின் அம்மா பயந்து மூடிவிடுவார். பிள்ளை எழுத்துப் படிப்பது நின்றுவிடும். போராட வேண்டியது நாம். அந்தப் பிள்ளையின் பாடத்தை அதற்கு விலையாக வைக்கக் கூடாது. பதிவும் செய்வோம், எதிர்த்தும் எழுதுவோம், எஃப்-டிராய்டு வழியையும் திறந்து வைப்போம்.

அல்சூர்_ஆண்ட்ராய்டு:

எல்லாருக்கும் நன்றி. முகவரித் தயக்கம் முழுக்கத் தீரவில்லை, ஆனால் பெற்றோர் பற்றி அக்கா சொன்னதுதான் என் நிலைமை. பதிவு செய்யப் போகிறேன். முன்னேற்றத்தைச் சேமிக்கும் வசதியை எழுதிவிட்டேன், அடுத்த பதிப்பில் போகிறது.

மறுஉருவாக்க பில்டையும் முயன்றேன். கிரேடில் மாற்றங்கள் எல்லாம் செய்து டிஃபாஸ்கோப் என்ற ஒப்பீட்டுக் கருவியில் ஒப்பிட்டால் ஒரே ஒரு கோப்புதான் வித்தியாசம்: விரலெழுத்து நூலகம். அதிலும் சில பைட்டுகள்தான். என்டிகே பதிப்பு இரண்டு பக்கமும் ஆர்28. எங்கே பார்ப்பது?

கட்டுமானி:

நல்ல இடத்துக்கு வந்துவிட்டீர்கள். சில பைட்டுகள் மட்டும் என்றால் அநேகமாக பில்டு ஐடி (கோப்பில் பதியும் அடையாள எண்). உங்கள் கணினியில் சோர்ஸ் உங்கள் ஹோம் டைரக்டரியில் இருக்கும், எஃப்-டிராய்டு வேறொரு டைரக்டரியில் பில்டு செய்கிறது. டீபக் (பிழைதேடல்) தகவலில் அந்தப் பாதை இருக்கும்போதே லிங்கர் (பகுதிகளை இணைக்கும் கருவி) ஐடியைக் கணக்கிட்டுவிடுகிறது. பிறகு டீபக் தகவலை நீக்கினாலும் ஐடி மட்டும் வேறாகவே தங்கிவிடும். லிங்கர் ஃபிளாகில் பில்டு-ஐடி என்பதற்கு நன் (none) என்று கொடுங்கள். நிரலில் அசெர்ட் மேக்ரோக்கள் இருந்தால் அவையும் கோப்புப் பாதையை உள்ளே எழுதும், அதற்கு ஃபைல்-பிரிஃபிக்ஸ்-மேப் ஃபிளாக் போடுங்கள். இரண்டையும் செய்துவிட்டு வேறு ஒரு டைரக்டரியில் ஒருமுறை பில்டு செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் கிட்லேபில் மெர்ஜ் ரெக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கும் கோரிக்கை) போட்டுவிட்டு இங்கே சொல்லுங்கள், நான் பார்க்கிறேன். விவரப் பக்கத்துக்குத் தமிழ் விளக்கத்தையும் சேர்த்தே அனுப்புங்கள், ஃபாஸ்ட்லேன் ஃபோல்டரில் தமிழுக்குத் தனி இடம் உண்டு.