ஆச்சி வீட்டு குரூப்: சுரண்டைய விட்டுட்டாவ

சித்தி: சின்னவனுக்கு வீட்டுப்பாடம். நம்ம தென்காசி மாவட்டத்துல உள்ள நகராட்சி எல்லாம் எழுதணுமாம். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில், சிவகிரி. ஆறும் சரிதான?

பெரியப்பா: சிவகிரி பேரூராட்சிம்மா. அடிக்கச் சொல்லு.

சித்தி: தாலுகா ஆபீஸே அங்கதான இருக்கு அத்தான்?

பெரியப்பா: தாலுகா ரெவின்யூ கணக்கு. பட்டா, வருமானச் சான்றிதழுக்குப் போற எடம். நகராட்சின்னா வீட்டு வரி, தண்ணி, குப்பை. ஆலங்குளத்துலயும் தாலுகா ஆபீஸ் இருக்கு, ஊரு பேரூராட்சிதான்.

சித்தி: அப்பம் அஞ்சு.

சுரண்டை அத்தை: நான் ஒருத்தி இங்க இருக்கது யாருக்கும் ஞாபகம் இல்லையாக்கும்.

சித்தி: அய்யோ மைனி! சுரண்டை டவுன் பஞ்சாயத்துல்லா?

சுரண்டை அத்தை: அது அந்தக் காலம். 2021ல நகராட்சி ஆயிட்டு. 2022 பிப்ரவரில 27 வார்டுக்கு எலெக்சன் நடந்துச்சே, நான் விரல் மைய போட்டோ எடுத்து இந்த குரூப்லதான் போட்டேன். காய்கறிக்கு மட்டும் எங்க மார்க்கெட் வேணும், லிஸ்ட்ல வேண்டாம்!

மதன்: ஆனா பட்டாவுக்கு அத்தை வீரகேரளம்புதூர் தாலுகா ஆபீஸுக்குத்தான் போணும்.

சுரண்டை அத்தை: அத ஏன் கேக்க. ரேஷன் கார்டுல தென்காசி மாவட்டம், ஆதார்ல திருநெல்வேலி. போன வாரம் பேங்க்ல அந்தப் பிள்ளை ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, கண்ணாடியத் தூக்கி என்னையப் பாத்துச்சு பாரு, திருடியப் பாக்க மாதிரி.

மதன்: திருநெல்வேலில இருந்து நம்ம மாவட்டத்தப் பிரிச்சது 2019 நவம்பர் 22. ஆதார மாத்த ஒங்களுக்கு இன்னும் நாள் அமையல.

சுரண்டை அத்தை: நீ வந்து கூட்டிட்டுப் போ.

பெரியப்பா: ஆச்சி பக்கத்துல இருந்து சிரிக்கா. அவ செங்கோட்டையில பொறக்கும்போது அது திருவிதாங்கூரு. 1956 நவம்பர் 1ல தான் இங்க சேத்தாவ. ஊருக்குள்ள நுழையுத வளைவுல திருவிதாங்கூர் சங்கு முத்திரை இன்னும் இருக்கு, பாத்திருக்கியளான்னு கேக்கா.

மதன்: நூறு தடவ அதுக்கடியில பஸ்ல போயிருக்கேன். நிமிந்து பாத்தது இல்ல.

சித்தி: சின்னவன் கேக்கான், குற்றாலத்துல அம்புட்டு கூட்டம் வருதே, அது ஏன் நகராட்சி இல்ல?

பெரியப்பா: குளிக்க வாரவன எல்லாம் மக்கள்தொகையில சேக்க முடியாதுன்னு சொல்லு.

சித்தி: மைனி, நோட்ல சுரண்டைய மொதல்ல எழுதிட்டான்.

சுரண்டை அத்தை: ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. வெண்டைக்கா பறிச்சு வைக்கேன்.