பால்டிமோரில் பறந்தது யார் ராக்கெட்?

வெடிமருந்து:
நேற்று இங்கே ஒருவர் ராக்கெட் வரலாற்றுப் புத்தகம் ஒன்றுக்கு மதிப்புரை எழுதியிருந்தார். கடைசி வரி இது: 'அமெரிக்கர்கள் நெஞ்சில் கைவைத்துப் பாடுவது நம் திப்புவின் ராக்கெட்டைத்தான்.' கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. படித்ததும் காபி புரையேறியது.

திப்பு இறந்தது 1799 மே 4. அவர்கள் தேசிய கீதத்தில் சிவப்பு வெளிச்சத்தோடு வரும் ராக்கெட் பறந்தது அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய 1812 போரில், 1814 செப்டம்பர் 13 இரவு, பால்டிமோர் துறைமுகத்தில், மெக்ஹென்றி கோட்டையைப் பார்த்து. ஏவியது எரிபஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல். வடிவமைத்தவர் வில்லியம் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர். இதில் திப்பு எங்கே வந்தார்? ஆவியாக வந்து திரி கொளுத்தினாரா?

புள்ளலூரான்:
எழுதியது நான்தான். 'ஒருவர்' என்று சுற்றி வளைக்க வேண்டாம், நேராகவே திட்டலாம்.

என் கேள்வி ஒன்றே ஒன்று. இரும்புக் குழாய் யாருடையது? ஐரோப்பியர்களின் வாணம் காகிதக் குழாய். மருந்தை இறுக்கி அடைத்தால் குழாயே கிழிந்துவிடும். மைசூர்க்காரர்கள் இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து மூங்கில் கழியில் கட்டினார்கள். குழாய் அழுத்தம் தாங்கியது, வாணம் தூரம் போனது. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் அவற்றை அள்ளிக்கொண்டு போய் லண்டன் பக்கம் உல்விச் ஆயுதசாலையில் வைத்தார்கள். 1804இல் காங்கிரீவுக்குத் திடீர் ஞானோதயம். என்ன ஒரு தற்செயல்!

ராமேஸ்வரத்து வாசகி:
கலாம் ஐயா 'அக்னிச் சிறகு'களிலேயே எழுதியிருக்கிறார். பயிற்சிக்காக நாசாவுக்குப் போனபோது வாலப்ஸ் தீவு வரவேற்பறையில் ஓர் ஓவியம். போர்க்களத்தில் ராக்கெட் பறக்கிறது, ஏவுகிறவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் திப்புவின் படை. அவர்களே சுவரில் மாட்டிவைத்திருக்கும்போது இங்கே சிலருக்கு ஏன் வலிக்கிறது?

வெடிமருந்து:
அம்மா, ஓவியம் மாட்டியதை யார் மறுத்தார்கள்? திப்பு ராக்கெட் விட்டதை யார் மறுத்தார்கள்? பால்டிமோரில் விட்டாரா என்பதுதான் கேள்வி.

காங்கிரீவ் 1807இல் தானே ஒரு புத்தகம் போட்டார். இந்தியாவில் போருக்கு ராக்கெட் உண்டு என்று தெரியும், ஆனால் அவை சிறியவை, ஆயிரம் கஜம் தாண்டாதவை என்கிறார். லண்டனில் கிடைத்த பெரிய வாணங்களைச் சொந்தக் காசில் வாங்கிக் கொளுத்திப் பார்த்தார். 500, 600 கஜம்தான் போனது. அதிலிருந்து வளர்த்து 32 பவுண்டு ராக்கெட்டை 3,000 கஜம் அனுப்பினார். அது உழைப்பு சார். 'திருட்டு' என்று ஒரே சொல்லில் முடிக்கிற சமாசாரம் இல்லை.

புள்ளலூரான்:
திருட்டு என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள்.

சரி, லண்டனில் வாங்கியது என்ன குழாய்? காகிதம். 3,000 கஜம் போனது என்ன குழாய்? இரும்பு. நடுவில் என்ன நடந்தது? அவர் தன் புத்தகத்தில் நம்மைச் 'சிறியவை' என்றாராம், இவர் அதைச் சாட்சியாகக் கொண்டுவருகிறார். பக்கத்து வீட்டுக் கோழியைத் தின்றவனிடமே 'கோழி எப்படிப்பா இருந்தது' என்று விசாரித்த கதை.

பாட்டுப்பித்தன்:
இடையில் ஒரு வார்த்தை. பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே? பிரான்சிஸ் ஸ்காட் கீ வக்கீல். பிரிட்டிஷார் பிடித்துவைத்த பீன்ஸ் என்ற மருத்துவரை மீட்கப் போய், சண்டை முடியும்வரை கப்பலிலேயே இருக்க வேண்டியதாயிற்று. விடிந்து கோட்டையில் அமெரிக்கக் கொடி தெரிந்ததும் எழுதியது அந்தக் கவிதை. மெட்டோ லண்டன் குடிகாரப் பாட்டு. எதிரி மெட்டிலேயே எதிரியை ஜெயித்த பாட்டு!

வெடிமருந்து:
குடிகாரப் பாட்டு இல்லை. அனாக்ரியான் சங்கம் என்று கனவான்கள் கூடிப் பாடிய சங்கத்தின் பாட்டு, மெட்டு ஜான் ஸ்டாஃபர்ட் ஸ்மித்துடையது. ஒன்றரை ஸ்தாயி ஏறி இறங்கும், குடித்தவன் பாடினால் தொண்டை கிழியும். தேசிய கீதமாகச் சட்டப்படி ஆனதே 1931 மார்ச் 3இல்தான்.

பாட்டுப்பித்தன்:
கனவான்கள் மோரா குடித்தார்கள்?

கடலோடி:
எரிபஸ் என்றதும் ஞாபகம் வந்தது. வட துருவப் பனியில் சிக்கி, கேப்டன் ஃபிராங்க்ளினோடு தொலைந்த கப்பல்தானே?

வெடிமருந்து:
இல்லை. அது வேறு எரிபஸ், 1826இல் கட்டியது. ஆனால் பால்டிமோரில் குண்டு வீசிய டெரர் என்ற கப்பல், பின்னாளில் பனியில் தொலைந்த அதே டெரர்தான். தெரியாமல் எழுதுவதே இங்கே வழக்கமாகிவிட்டது. போன மாசம் இன்னொருவர், காஞ்சிபுரம் பக்கம் ஹைதர்-திப்பு படையோடு ஆங்கிலேயர் மோதிய புள்ளலூர்ச் சண்டையை 1781 என்று எழுதி, அதில் ஆங்கிலேயத் தளபதி பெய்லி தோற்றதாகக் கதை விட்டார். பெய்லி தோற்றது 1780 செப்டம்பர் 10. 1781இல் நடந்தது இரண்டாவது சண்டை, அதில் வந்த தளபதி அயர் கூட். யார் எழுதியது என்று சொல்ல மாட்டேன்.

புள்ளலூரான்:
சொல்லுங்களேன், என்ன வெட்கம்? அது தட்டச்சுப் பிழை என்று அன்றைக்கே எழுதினேன். எங்கள் ஊரில் 1781 சண்டையில் செத்த வெள்ளைக்கார அதிகாரிகளின் நினைவுத்தூண் இருக்கிறது. நான் ஆடு மேய்த்த இடம். நீங்கள் புத்தகத்தில் பார்த்தது, நான் முதுகு சாய்த்து உட்கார்ந்தது.

பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தது எதனால்? ராக்கெட்டால். குழாய்? இரும்பு.

வெடிமருந்து:
பீரங்கிக் குண்டு பட்டும் வெடித்திருக்கலாம் என்று எழுதியவர்கள் உண்டு. முதுகு சாய்த்தால் வரலாறு முதுகு வழியாக ஏறிவிடுமா?

பால்டிமோருக்கு வாருங்கள். சுமார் 25 மணி நேரம் அடித்தார்கள், 1,500க்கு மேல் குண்டு. கோட்டையில் செத்தவர்கள் நான்கு பேர். வேலையைப் பார்த்தது மோர்ட்டார் என்ற குட்டைப் பீரங்கியின் குண்டுகள்தான். ராக்கெட் தீபாவளிக்கு பாட்டிலில் வைத்துக் கொளுத்துவது மாதிரி. மேலே போகும் என்று நினைப்போம், அது எதிர்வீட்டு மாடியில் காயும் வேட்டிக்குள் போகும். சிவப்பு வெளிச்சம் மட்டும் அமர்க்களமாக இருக்கும். கீயும் அந்த வெளிச்சத்தைத்தான் எழுதினார்.

ராமேஸ்வரத்து வாசகி:
அதே ராக்கெட்டுக்குப் பயந்துதான் மூன்று வாரம் முன்னால் வாஷிங்டன் பக்கத்துப் பிளேடன்ஸ்பர்கில் அமெரிக்க மிலிஷியா (குடிமக்கள் படை) ஓட்டம் பிடித்தது. அன்று இரவே வாஷிங்டன் எரிந்தது. வேட்டிக்குள் போகிற ராக்கெட்டுக்கா ஓடினார்கள்?

வெடிமருந்து:
பயந்து ஓடினார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். செத்து ஓடவில்லை.

கடலோடி:
செத்தவன் எப்படி சார் ஓடுவான்?

புள்ளலூரான்:
2018இல் ஷிமோகா பக்கம் நகரா கோட்டையில் பாழுங்கிணற்றைத் தூர்வாரியபோது ஆயிரத்துக்கும் மேல் ராக்கெட் கிடைத்தது. இன்னும் மருந்து அடைத்தபடி. என்ன குழாய் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

வெடிமருந்து:
இரும்பு, இரும்பு, இரும்பு. போதுமா? இரும்பு உங்களுடையது என்றே வைத்துக்கொள்வோம். பாட்டில் இரும்பு என்ற சொல் இருக்கிறதா? குழாய் இருக்கிறதா?

புள்ளலூரான்:
'வைத்துக்கொள்வோம்' எதற்கு? ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லையா?

பாட்டுப்பித்தன்:
மூன்றாவது சரணத்தில் கூலிப்படை, அடிமை என்று வருகிறதே, அதைப் பற்றித் தனியாக ஓர் இழை...

வெடிமருந்து:
தனியாகப் போடுங்கள், இங்கே வேண்டாம். காங்கிரீவின் 1807 புத்தகத்திலிருந்து பக்கம் பக்கமாக நாளை தட்டச்சு செய்து போடுகிறேன். அப்புறம், புள்ளலூரான் சார், என்னிடம் இரவல் வாங்கிய 1812 போர்ப் புத்தகம் எங்கே? மதிப்புரையில் பாதித் தகவல் அதிலிருந்துதான் வந்திருக்கிறது. மைசூரிலிருந்து வரவில்லை.

புள்ளலூரான்:
தருகிறேன். வாங்கும்போதே அட்டை கிழிந்திருந்தது, பிறகு என் தலையில் கட்டாதீர்கள். நாளை தட்டச்சு செய்யும்போது குழாய் வருகிற பக்கத்தைத் தாண்டிவிட வேண்டாம்.